திறப்பு யாரிடம்?

(திருகோணமலையில் ஒரு மாலைக் கூட்டத்தில் நான் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். ஒலிபெருக்கி மௌனம் காத்த இடங்களை நினைவிலிருந்து நிரப்பியிருக்கிறேன்.)

பெருமதிப்புக்குரிய தலைவர் அவர்களே, என்னைப் பற்றி என் மனைவிகூட நம்பாத நல்ல செய்திகளைச் சொல்லி வரவேற்ற செயலாளர் அவர்களே, மேடையில் ஒரே வரிசையில் அமர்ந்து இந்த ஊரின் அழகை நிரூபித்துக்கொண்டிருக்கும் சிவஸ்ரீ குருக்கள் ஐயா அவர்களே, மௌலவி அவர்களே, அருட்தந்தை அவர்களே, மதிப்புக்குரிய தேரர் அவர்களே, முன்வரிசையை நிறைத்திருக்கும் ஓய்வுபெற்ற அதிபர்களே, ஆசிரியர்களே, மூதூரிலிருந்தும் கிண்ணியாவிலிருந்தும் பஸ் பிடித்து வந்திருக்கும் நண்பர்களே, கடைசி வரிசையில் வாசலுக்குப் பக்கமாக இடம் பிடித்திருக்கும் மாணவச் செல்வங்களே, உங்கள் அனைவருக்கும் வணக்கம்.

பொன்னாடை போர்த்தியதற்கு நன்றி. இந்த வெக்கையில் அதைக் கழற்றி மடியில் வைத்திருப்பதை அவமதிப்பாக நினைக்க வேண்டாம். சந்தனமாலை அணிவித்த சிறுமிக்கும், அவள் உயரத்துக்கு நான் குனிய முடியாமல் நின்றபோது அவளைத் தூக்கிப் பிடித்த அவளுடைய மாமாவுக்கும் நன்றி.

அழைப்பிதழில் ‘அறிவியலையும் சமூகத்தையும் கலையையும் மாற்றிய ஏழு புரட்சிகள்’ என்று அச்சிட்டிருக்கிறார்கள். ஏழு என்று சொன்னது நான்தான். கன்னியாயில் ஏழு வெந்நீர்க் கிணறுகள் இருக்கின்றன, ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு; அதுபோல ஏழு புரட்சிகளைச் சொல்லலாம் என்று ஒரு வீம்பில் சொல்லிவிட்டேன். கொப்பர்னிக்கஸ், அச்சுக்கூடம், கண்ணாடி வில்லை, பிரெஞ்சுப் புரட்சி, நீராவி, மின்சாரம், கணினி. கன்னியாய்க்குப் போகிறவர்கள் எல்லாரும் ஏழு கிணற்றிலும் முழுதாகக் குளித்துவிட்டா வருகிறார்கள்? இரண்டில் நன்றாக ஊற்றிக்கொண்டு மற்றவற்றில் வாளியை நனைத்துவிட்டுத்தான் வருகிறார்கள்.

தொடங்குமுன் என் பழமொழியைச் சொல்லிவிடுகிறேன். என் பேச்சை முன்பே கேட்டவர்கள் இப்போதே சிரிக்கிறார்கள். ‘ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது.’ முப்பது வருடமாகக் கல்யாண வீட்டிலும் இதைத்தான் சொல்லி வருகிறேன்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். புரட்சி என்ற சொல் ‘புரள்’ என்ற வினையிலிருந்து பிறந்தது. மேலிருப்பது கீழாகவும் கீழிருப்பது மேலாகவும் வருவது. கொப்பர்னிக்கஸ் 1543இல் தம் நூலுக்கு ‘வானக் கோளங்களின் சுழற்சிகள் பற்றி’ என்ற பொருளில் லத்தீனில் பெயர் வைத்தார். சுழற்சியைக் குறித்த அந்தச் சொல்லே பிற்காலத்தில் ஐரோப்பிய மொழிகளில் அரசைக் கவிழ்ப்பதற்கும் பெயராயிற்று. நமக்கு அந்தச் சுற்று வழி தேவையில்லை. இந்தக் கடற்கரையில் வள்ளத்தைப் புரட்டிப் போடுவதைப் பார்த்திருக்கிறோம். புரட்டினால்தான் அடிப்பலகையில் எங்கே ஓட்டை என்று தெரியும். இந்தப் புரட்டிய வள்ளத்தை நினைவில் வைத்திருங்கள், பிறகு தேவைப்படும்.

இனி வில்லைக்கு வருகிறேன். 1632ஆம் ஆண்டு ஒல்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் இரண்டு குழந்தைகள் பிறந்தன. ஒருவர் வெர்மீர், ஓவியர். ஜன்னல் வழியாக வரும் வெளிச்சம் ஒரு சுவரில் எப்படிப் படுகிறது என்பதை அவரைப்போல் வரைந்தவர் குறைவு. மற்றவர் லேவன்ஹூக், துணி வியாபாரி. வெர்மீர் இறந்தபின் அவருடைய சொத்து விவகாரத்தைக் கவனிக்க 1676இல் நியமிக்கப்பட்டவரும் இதே துணி வியாபாரிதான். துணியின் இழை நெருக்கத்தை எண்ணிப் பார்க்க வியாபாரிகள் சிறு வில்லை வைத்திருப்பார்கள். இவர் தாமே வில்லைகளைத் தேய்த்துத் தேய்த்து, குளத்து நீரைப் பார்த்தார். பல்லிடுக்கில் சுரண்டிய அழுக்கைப் பார்த்தார். அதற்குள் உயிர்கள் ஓடித் திரிவதைப் பார்த்தார். பல்கலைக்கழகத்துக்குப் போகாதவர், லத்தீன் தெரியாதவர். தமக்குத் தெரிந்த டச்சு மொழியில் லண்டன் ராயல் சொசைட்டி என்ற விஞ்ஞானச் சங்கத்துக்குக் கடிதம் எழுதினார். அவர்கள் மொழிபெயர்த்து வெளியிட்டார்கள்.

ஆனால் ஒரு காரியம் செய்தார். மிகச் சிறந்த வில்லைகளை எப்படிச் செய்கிறார் என்பதை ஒருவருக்கும் சொல்லவில்லை. பார்க்க வந்த பெரியவர்களுக்கு இரண்டாந்தரக் கருவிகளைக் காட்டி அனுப்பினார். 1723இல் அவர் இறந்தபோது அந்தத் திறப்பும் அவரோடு போய்விட்டது. நான் இன்று சொல்ல வந்ததே இந்தத் திறப்பைப் பற்றித்தான். தமிழ்நாட்டு நண்பர்கள் யாராவது இருந்தால், நாங்கள் சாவியைத் திறப்பு என்போம். திறப்பு விழாவும் எங்களுக்குத் திறப்புத்தான். எங்கள் ஊரில் திறப்பு விழா தவறாமல் நடக்கும். திறப்பைத்தான் தேட வேண்டியிருக்கும்.

சிரிக்காதீர்கள், இது நடந்த கதை. இந்த மாவட்டத்தில் ஒரு பள்ளிக்கூடம். பெயர் கேட்காதீர்கள், அங்கே படித்த இருவர் முன்வரிசையில் இருக்கிறார்கள், முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். நான் ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது எங்கள் ஆய்வுகூடத்துக்கு ஒரு நுணுக்குக்காட்டி வந்தது. வாழைமரம் கட்டினோம். மாவிலைத் தோரணம், நிறைகுடம், குத்துவிளக்கு, எல்லாம் இருந்தன. கண்ணாடிக் கதவு போட்ட புது அலுமாரியின் நடுத்தட்டில், மஞ்சள் துணி போர்த்தி, அம்மன் சிலையைப்போல் அதை எழுந்தருளச் செய்திருந்தார்கள். பிரதம விருந்தினர் நாடாவை வெட்டினார். அலுமாரி திறந்தது. துணி விலகியது. விருந்தினர் குனிந்து ஒரு கண்ணை மூடி நெடுநேரம் பார்த்தார். நாங்கள் எல்லாரும் மூச்சை அடக்கி நின்றோம். அவர் நிமிர்ந்து, ‘அருமை, அருமை, என்ன நுட்பம்!’ என்றார். கைதட்டல் அடங்கச் சில நிமிடம் ஆயிற்று.

பிறகுதான் விஞ்ஞான ஆசிரியர் கவனித்தார். பார்க்க வேண்டிய பொருளை ஏந்தும் கண்ணாடி வழுக்கியை வைக்கவேயில்லை. கீழே இருக்கும் ஆடியை வெளிச்சத்துப் பக்கம் திருப்பவும் இல்லை. அந்தப் பெரிய மனிதர் பார்த்தது சுத்தமான இருட்டை!

அன்று மாலையே அலுமாரி பூட்டப்பட்டது. பிள்ளைகள் தொட்டால் உடைந்துவிடும் என்றார்கள். திறப்பு ஆய்வுகூட உதவியாளரிடம் இருந்தது. நல்ல மனிதர், எங்களுக்குக் கச்சான் கடலை வாங்கித் தருவார். அவருக்கு இடமாற்றம் வந்தது. மாலை போட்டு அனுப்பினோம். திறப்பு அவர் பெட்டியில் போய்விட்டது. அவருக்கு ஒரு கடிதம் எழுதினால் முடிந்துபோகிற காரியம். எழுத யாருக்கு அதிகாரம் என்று முடிவாகவில்லை. பூட்டை உடைக்கலாம் என்றால் அரசாங்கச் சொத்து. ஒவ்வொரு வருடமும் பொருட்கணக்கெடுப்புக்கு வருவார்கள். கண்ணாடிக்கு வெளியே நின்று பார்ப்பார்கள். பதிவேட்டில் ‘நுணுக்குக்காட்டி 1, நல்ல நிலையில்’ என்று எழுதிக் கையெழுத்து வைப்பார்கள்.

சாதாரண தரப் பரீட்சையில் நுணுக்குக்காட்டியை வரைந்து பாகங்களைப் பெயரிடச் சொன்னார்கள். நான் கண்ணாடிக்கு வெளியே நின்று மூன்று வருடம் பார்த்த உருவம் அல்லவா! பார்வைத் துண்டு, பொருள்வில்லை, செப்பஞ்செய் திருகாணி, ஒன்றையும் விடாமல் வரைந்தேன். என் ஊகம், முழுப் புள்ளி கிடைத்திருக்கும். அந்த வில்லைக்குள் முதன்முதலாகக் கண்ணை வைத்தபோது எனக்கு முப்பத்தொரு வயது. வெங்காயத் தோலின் கலங்களைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் இளம் மாணவர்கள் நின்றதையும் மறந்து அழுதுவிட்டேன். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. எனக்கு அந்தச் சுரைக்காயை வரைய மட்டும் நன்றாகத் தெரிந்திருந்தது.

சற்றுப் பொறுங்கள். நமது கல்வி அதிகாரி அவர்கள் இப்போதுதான் உள்ளே வருகிறார்கள். வாருங்கள் ஐயா, வணக்கம். முன்வரிசையில் ஒரு கதிரை கொடுங்கள். அவர்களுக்கு இருக்கும் வேலைப் பளுவில் இங்கே வந்ததே பெரிது. நான் சொன்ன கதை தாங்கள் பதவிக்கு வருவதற்கு நாற்பது வருடம் முந்தியது, பதற வேண்டாம்.

கதையில் மிச்சம் இருக்கிறது. அதே வருடங்களில் எங்கள் வீதியில் ஒரு கிழவர் இருந்தார். பிரிட்டிஷ் கடற்படைத் தளத்தில் ஃபிட்டராக இருந்து, 1957இல் தளம் நம் கைக்கு வந்தபின் ஓய்வுபெற்றவர். டொக்கியாட் அப்பு என்று கூப்பிடுவோம். அவரிடம் ஒரு பைனாகுலர் இருந்தது. எப்படி வந்தது என்று நாங்களும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஒரு குழலில் பூஞ்சணம் பிடித்திருந்தது. மறுகுழல் நன்றாக இருந்தது. ஒரு நாள் இரவு டச்பே கடற்கரையில், கீல் பூசுவதற்காகப் புரட்டிப் போட்டிருந்த வள்ளத்தின் முதுகில் அதை ஊன்றிவைத்து என்னைக் கூப்பிட்டார்.

“தம்பி, மூச்சைப் பிடித்துக்கொண்டு பார். அந்தப் பெரிய வெள்ளிக்குப் பக்கத்தில் எள்ளுப்போல் என்ன தெரிகிறது?”

“மூன்று தெரிகிறது, அப்பு.”

“நாலாவது ஒளிந்திருக்கிறது. நாளைக்கு வா.”

மறுநாள் போனேன். எள்ளுகள் இடம் மாறியிருந்தன. நான்கு நாள் போனேன், நான்கு நாளும் மாறியிருந்தன. கலிலியோவும் 1610 ஜனவரி 7ஆம் திகதி அதே பெரிய வெள்ளிக்கு, அதாவது வியாழனுக்கு, பக்கத்தில் மூன்றைத்தான் கண்டார், நான்காவதை ஒரு வாரத்துக்குள் கண்டார் என்பதை வெகுகாலம் கழித்துப் படித்தபோது டொக்கியாட் அப்பு உயிரோடு இல்லை. கலிலியோ என்ற பெயர் அவருக்குத் தெரிந்திருக்கவும் நியாயமில்லை. பூமியைச் சுற்றாமல் வேறொன்றைச் சுற்றும் பொருள் வானத்தில் இருக்கிறது என்ற செய்தி, எல்லாம் பூமியையே சுற்றுகின்றன என்று நம்பியிருந்த ஐரோப்பாவைப் புரட்டிப் போட்டது. என்னைப் புரட்டிப் போட்டது அந்த வள்ளத்தின் முதுகு.

கலை எங்கே என்று தலைவர் பார்வையாலேயே கேட்கிறார். சொல்கிறேன். 1609இல் கலிலியோவுக்கு முன்பே இங்கிலாந்தில் ஹரியட் என்பவர் தொலைகாட்டியில் நிலவைப் பார்த்து வரைந்தார். அவர் கண்டது கோணலான ஒரு கோடும் சில கறைகளும். கலிலியோவுக்குச் சித்திரப் பயிற்சி இருந்தது. நிழல் விழும் விதத்தை வைத்து மேடு எது பள்ளம் எது என்று கண்டுகொள்ளும் கண் அது. ஆகையால் அவருக்கு நிலவில் மலைகள் தெரிந்தன. அவருடைய நண்பர் சிகோலி என்ற ஓவியர் 1612இல் ரோமாபுரியில் சாந்த மரியா மஜ்ஜோரே தேவாலயத்தில் மாதாவை வரைந்தபோது, காலடியில் வழவழப்பான பிறையை வைக்காமல் கலிலியோவின் பள்ளம் விழுந்த நிலவை வைத்தார். அருட்தந்தை தலையசைக்கிறார், நன்றி. அந்தச் சித்திரத்தை இன்றும் பார்க்கலாம்.

மூதூர் நண்பர்கள் இந்தக் கதையில் தங்களுக்கு என்ன பங்கு என்று கேட்பார்கள். நிறைய உண்டு. 1659இல் புயலில் பாய்மரம் முறிந்த ஆங்கிலக் கப்பல் ஒன்று பழுது பார்ப்பதற்கு மூதூரை ஒட்டிய கொட்டியாரக்குடாவுக்கு வந்தது. கப்பல் தலைவரும் அவருடைய மகன் ரொபர்ட் நொக்ஸும் கண்டி அரசனின் ஆட்களிடம் பிடிபட்டார்கள். தந்தை காய்ச்சலில் இறந்தார். மகன் பத்தொன்பது வருடம் சிறைப்பட்டிருந்து, 1679இல் தப்பி லண்டன் போய்ச் சேர்ந்தான். அவன் இலங்கையைப் பற்றி எழுதிய நூல் 1681இல் அச்சேற உதவி, முன்னுரையும் எழுதியவர் ரொபர்ட் ஹூக். தக்கைத் துண்டை நுணுக்குக்காட்டியில் வைத்து, அதிலிருந்த சிற்றறைகளுக்கு நாம் இன்று கலம் என்று சொல்லும் பெயரை 1665இல் வைத்த அதே ஹூக். கலத்தைக் கண்டவரும் கலத்தில் வந்தவனும் லண்டனில் உட்கார்ந்து நம் கொட்டியாரத்தைப் பேசியிருக்கிறார்கள். நம் பிள்ளைகளுக்கோ ஹூக்கின் பெயர் ஒரு புள்ளிக்கான விடை.

அச்சுக்கூடத்துக்குச் சுருக்கமாக வருகிறேன். அமெரிக்க மிஷனைச் சேர்ந்த மருத்துவர் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயில் மருத்துவம் சொல்லிக்கொடுத்தார், முதலில் ஆங்கிலத்தில். படித்தவர்களில் பலர் ஊரை விட்டு அரசாங்க உத்தியோகம் தேடிப் போவதைக் கண்டு, 1864 முதல் தமிழிலேயே கற்பித்தார். அங்காதிபாதம், இரண வைத்தியம் என்று நூல்கள் தமிழில் வந்தன. இரசாயன நூலுக்குக் ‘கெமிஸ்தம்’ என்று பெயர். அந்தச் சொல் நிலைக்கவில்லை, எனக்கு அதில் வருத்தந்தான். அதே யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலர் 1849இல் தம் அச்சியந்திரசாலையை நிறுவியிருந்தார். மிஷனுக்கும் நாவலருக்கும் ஆகாது. ஆனால் இருவரும் ஒரே பூட்டுக்கு வேறு வேறு திறப்புச் செய்தார்கள். ஏடு வைத்திருந்த சில வீடுகளிலிருந்து படிப்பு வெளியே வந்தது. அந்த அலையில்தான் நம் திருகோணமலையில் பிறந்த சரவணமுத்துப்பிள்ளை 1895இல் ‘மோகனாங்கி’யை வெளியிட்டார். தமிழின் முதல் வரலாற்று நாவல் என்று அதைச் சொல்கிறார்கள். இந்த மண்டபத்தில் எத்தனை பேர் வாசித்திருக்கிறீர்கள் என்று கேட்டு உங்களைச் சங்கடப்படுத்த மாட்டேன்.

பிரெஞ்சுப் புரட்சி. அதற்கு ஏழு வருடம் முன்னால், 1782இல், பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரன் இந்தக் கோட்டையையே பிடித்து வைத்திருந்தார் என்பது உங்களுக்குத் தெரியும். புரட்சியை நான் கண்மூடிப் புகழ மாட்டேன். எரிதலுக்குக் காரணமான வாயுவுக்கு ஒட்சிசன் என்று பெயர் வைத்த லவோசியேயின் தலையை 1794 மே 8ஆம் திகதி வெட்டியவர்கள் அவர்கள்தான். ஆனால் 1793 ஆகஸ்ட் 10ஆம் திகதி லூவர் அரண்மனையை அருங்காட்சியகமாக்கி, அரசன் வீட்டுச் சித்திரங்களைச் செருப்புத் தைக்கிறவரும் வந்து பார்க்கலாம் என்று கதவைத் திறந்துவிட்டவர்களும் அவர்களே. என் கணக்கில் பாஸ்டில் சிறையை உடைத்த நாளைவிட இந்த நாள் பெரியது. வரலாற்று ஆசிரியர்கள் சண்டைக்கு வரலாம். தேநீர் இடைவேளையில் வாருங்கள்.

நீராவியும் மின்சாரமும் கணினியும் இருக்கின்றன. தலைவர் மணியைத் தொட்டுப் பார்க்கிறார். 1927இல் ரயில் இந்த ஊருக்கு வந்தது என்று சொல்லி நீராவியை முடித்துக்கொள்கிறேன்.

விபுலாநந்த அடிகளைச் சொல்லாமல் இறங்கினால் இந்த ஊர் மன்னிக்காது. 1920களில் இங்குள்ள இந்துக் கல்லூரிக்கு அதிபராக இருந்தவர், விஞ்ஞானப் பட்டதாரி. 1936இல் சென்னையில் கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர். அவரே வருடக்கணக்காகச் சுருதிகளைக் கணக்கிட்டு 1947இல் யாழ் நூலைத் தந்தார். யாழ் என்ற கருவி வழக்கொழிந்து போயிருந்தது. ஏட்டில் மட்டும் இருந்த யாழுக்கு நரம்பு நீளத்தைக் கணக்குப் பண்ணி, அதை மறுபடி வாசிக்கலாம் என்று காட்டினார். ஏட்டுச் சுரைக்காயைக் கறியாக்கிக் காட்டிய ஒரே மனிதர்! என் பழமொழி தோற்றது அவரிடந்தான்.

இனி நான் உண்மையில் எதற்காக வந்தேனோ அதற்கு வருகிறேன். கல்வி அதிகாரி அவர்கள் எழுந்துவிடக் கூடாது.

நான் இன்னமும் பள்ளிக்கூடங்களுக்குப் போகிறேன். வாசலில் ‘ஆய்வுகூடம்’ என்று அழகாக எழுதியிருக்கிறது. உள்ளே கண்ணாடி அலுமாரி. எட்டிப் பார்க்கிற பிள்ளைகளின் மூக்கு பட்டுப் பட்டு அந்தக் கண்ணாடியில் ஒரு மங்கல் இருக்கிறது. அந்த மங்கலின் உயரத்தை வைத்து எந்த வகுப்புப் பிள்ளை என்று என்னால் சொல்ல முடியும். கட்டடம் கேட்கவில்லை, நிதி கேட்கவில்லை. மாதத்தில் இரண்டு சனிக்கிழமை அந்த அலுமாரிகளைத் திறந்துவையுங்கள். அந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு மட்டுமல்லாமல், பக்கத்து வீதிப் பிள்ளைக்கும், படிப்பை விட்டுவிட்டு வள்ளத்துக்குப் போகும் பொடியனுக்கும் சேர்த்து. உடைந்தால் உடையட்டும். உடைந்த வில்லைக்குப் பொறுப்பு நான் என்று ஒரு தாளில் கையெழுத்து வைத்திருக்கிறேன். அது வாசலிலுள்ள மேசையில் இருக்கிறது. இன்னும் சிலர் கீழே கையெழுத்து வைத்தால் என் ஓய்வூதியத்துக்குக் கொஞ்சம் பாதுகாப்பு.

இரண்டாவது, புத்தகம் இரவல் கொடுப்பதுபோல் கருவி இரவல் கொடுக்கும் ஓர் அறை இந்த நகரத்துக்கு வேண்டும். வில்லை, காந்தம், தராசு, திசைகாட்டி. 1956இல் ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் நம் கோணேசர் கோயில் நிற்கும் சுவாமி மலையடியில் மூழ்கிக் கோயில் தூண்களைக் கண்டார்கள் என்று பெருமையாகப் பேசுகிறோம். அவர்கள் முதுகில் ஒரு காற்றுக் குப்பி இருந்தது, பதின்மூன்று வருடம் முன் பிரான்சில் உருவான கருவி. அந்தக் குப்பி இல்லாவிட்டால் கடலுக்கடியில் அத்தனை நேரம் இருந்திருக்க முடியுமா? நாம் பிள்ளைகளுக்குத் தூண்களின் படத்தைக் கொடுக்கிறோம், குப்பியைக் கொடுப்பதில்லை. அறைக்கு இடம் தருவதாக ஒருவர் சொல்லியிருக்கிறார். பெயரை இப்போது சொன்னால் பின்வாங்கிவிடுவார்.

மணி இரண்டாம் முறை அடித்துவிட்டது. தேநீர் தயாரித்த மாதர் சங்கத்தினருக்கும், ஒலிபெருக்கியைத் தட்டித் தட்டி ஓடவைத்த தம்பிக்கும், இத்தனை நேரம் பொறுத்திருந்த கடைசி வரிசைக்கும் நன்றி. ஓர் அறிவித்தல் மட்டும் இருக்கிறது. வரும் சனிக்கிழமை இரவு ஏழு மணிக்கு டச்பே கடற்கரைக்கு வாருங்கள். டொக்கியாட் அப்புவின் பைனாகுலர் இப்போது என்னிடந்தான் இருக்கிறது. அதே பூஞ்சணம், அதே ஒற்றைக் குழல். ஒரு வள்ளத்தைப் புரட்டிப் போட்டுத் தருவதாக நண்பர் ஒப்புக்கொண்டிருக்கிறார். வீட்டில் பாவிக்காத மூக்குக்கண்ணாடி இருந்தால் கொண்டுவாருங்கள், வில்லைகளைக் கழற்றிக்கொள்வோம். மழை பெய்தால் அடுத்த சனிக்கிழமை.